மாண்ட்ரியல் ராயல்ஸ் 1946 டி-ஷர்ட்: முதுகில் 42 போடலாமா?

வில்லறே வாசி | 6 பிப்ரவரி, மாலை 7.12

மொன்றியல் ரோயல்ஸ் பேஸ்போல் அணியின்ர நினைவாக 72 ரீசேட் அடிக்கிற யோசனை. வெள்ளைத் துணி, நெஞ்சில நீல நிறத்தில "ரோயல்ஸ்" எண்ட சாய்வெழுத்து, முதுகில "றொபின்சன்", அதுக்குக் கீழ 42. பழசு மாதிரித் தெரிய அச்சில வெடிப்பு விழுந்த டிசைன். அணி 1960 ஓட முடிஞ்சுது. அதால சின்னம் இப்ப ஆருக்கும் சொந்தமில்லை எண்டு நினைக்கிறன். அச்சுக்காரர் பிளாஸ்டிசோல் மை (சூட்டில இறுகிற பிளாஸ்டிக் மை) போதும் எண்டு சொல்லுறார். எதாவது பிழை இருந்தாச் சொல்லுங்கோ.

பழஞ்சட்டை | 6 பிப்ரவரி, இரவு 9.40

42 வேண்டாம். அது புரூக்ளின் எண். நவீன மேஜர் லீக்கின் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டம்) முதல் கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காகக் களமிறங்கியபோது முதுகில் இருந்தது. மாண்ட்ரியலில் அவர் ஆடியது அதற்கு முந்தைய ஆண்டு, டாட்ஜர்ஸின் கீழ் இன்டர்நேஷனல் லீக் என்ற மைனர் லீக்கில் (மேஜருக்குக் கீழ் மட்டம்) இருந்த ராயல்ஸுக்காக. மாண்ட்ரியல் சட்டையில் 42 போட்டால் இரண்டு அணிகளையும் இரண்டு ஆண்டுகளையும் ஒரே முதுகில் ஒட்டியதாகிவிடும்.

பெயரும் வேண்டாம். அன்று முதுகில் பெயர் போடும் வழக்கமே இல்லை. மேஜர் லீக்கில் அதைத் தொடங்கியது சிகாகோ வைட் சாக்ஸ், 1960ல்.

"1946" என்று மட்டும் முடிவு செய்தாலும் போதாது. ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். துணியின் நிறம், நெஞ்சில் என்ன எழுத்து என்பதெல்லாம் அதிலிருந்துதான் வரும். நல்ல ஆட்டங்கள் இரண்டு இருக்கின்றன.

முதலாவது ஏப்ரல் 18, ராயல்ஸ் அணியில் ராபின்சனின் முதல் லீக் ஆட்டம். ஜெர்சி சிட்டியின் ரூஸ்வெல்ட் ஸ்டேடியத்தில் நடந்தது. ஐந்து முறை மட்டை பிடித்து நான்கு ஹிட், அதில் ஒன்று மூன்று ரன் ஹோம் ரன், இரண்டு ஸ்டீல் (பந்து வீசும்போதே ஓடி அடுத்த தளத்தைப் பிடிப்பது). ராயல்ஸ் 14-1 என்று வென்றது. வெளியூர் ஆட்டம் என்பதால் சாம்பல் நிறச் சட்டை, நெஞ்சில் ஊர்ப் பெயர்.

இரண்டாவது அக்டோபரில். லூயிவில் கர்னல்ஸைத் தோற்கடித்து லிட்டில் வேர்ல்ட் சீரிஸை (மைனர் லீக் சாம்பியன்கள் மோதும் தொடர்) ராயல்ஸ் வென்றது. தொடர் முடிந்தது சொந்த மைதானமான டெலோரிமியே ஸ்டேடியத்தில். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் அணியின் பெயர். உங்கள் "வெள்ளையில் ராயல்ஸ்" இந்த ஆட்டத்துக்குப் பொருந்தும். ஏப்ரல் 18 என்று தேதி போட்டு வெள்ளையில் அடித்தால் விஷயம் தெரிந்தவர் பார்த்ததும் சொல்லிவிடுவார்.

கோம்டு30 | 7 பிப்ரவரி, காலை 6.55

வெள்ளைன்னு சொன்னதும் ப்ளீச் பண்ணி பிரைட்னர் ஏத்தின பளீர் வெள்ளையை எடுத்துடாதீங்க. அந்தக் காலத்து யூனிஃபார்ம் கம்பளி ஃபிளானல். கம்பளியோட இயல்பான நிறம் லேசான தந்தம். டையிங் கொடுக்கும்போதே "ஆஃப் வைட், ஆப்டிகல் பிரைட்னர் வேண்டாம்"னு எழுதிக் கொடுங்க. பில்ல வெறும் "ஒயிட்"னு இருந்தா பிரைட்னரோடதான் வரும். கடையில அல்ட்ரா வயலட் டார்ச் அடிச்சுப் பாருங்க. நீலமா ஒளிர்ந்தா அந்தத் துணி ஆகாது.

துணி 30ஸ் (நூலோட தடிமன் எண்) கோம்டு ரிங்ஸ்பன் சிங்கிள் ஜெர்சி, 150 முதல் 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்). 180க்கு மேல போனா விறைப்பா நிக்கும், பழைய டி-ஷர்ட் விழற விழுப்பு வராது. 130க்குக் கீழ போனா அச்சு பின்னாடி தெரியும். பயோ வாஷ் (என்சைம் போட்டு மேல் பஞ்சை நீக்கற கழுவல்) கட்டாயம். சுருக்கம் நீளத்துலயும் அகலத்துலயும் 5 சதவீதத்துக்குள்ள இருக்கணும். சைடு தையல் முன்பக்கம் திரும்பி வருதான்னு மூணு வாஷ் கழிச்சுப் பாருங்க. அச்சு நேரா இருந்தாலும் சட்டை திரும்பினா எழுத்து சாஞ்சுதான் தெரியும்.

கழுத்து ரிப் (இழுபடற கழுத்துப் பட்டி) 1x1, தைச்சு முடிச்ச அகலம் 1.8 செ.மீ. அதுக்கு மேல வேண்டாம். இப்ப வர்ற அகலமான லைக்ரா ரிப் போட்டா என்ன எழுத்து அடிச்சாலும் புதுசுன்னு காட்டிக் கொடுத்துடும்.

வில்லறே வாசி | 7 பிப்ரவரி, இரவு 8.03

விளங்குது. அப்ப வெடிப்பு டிசைனும் மையும்?

பழஞ்சட்டை | 7 பிப்ரவரி, இரவு 10.20

வெடிப்பை விட்டுவிடுங்கள். இந்தத் துறையில் அதிகம் நடக்கும் காலக் கலப்பு இதுதான். 1946 சட்டையில் அச்சே கிடையாது. எழுத்துகள் கம்பளி ஃபெல்ட்டில் வெட்டித் தைத்தவை. ஃபெல்ட் வெடிக்காது. ஓரம் தேயும், பூச்சி அரிக்கும், துவைக்கத் துவைக்கச் சுருங்கி அடித்துணியைச் சுற்றிலும் இழுத்துச் சுருக்கம் போடும், சாயம் கொஞ்சம் ஓரத்தில் இறங்கும். வெடிப்பு என்பது பிளாஸ்டிசோல் அச்சின் நோய். 1970களிலும் 80களிலும் வாங்கிய டி-ஷர்ட்டுகளில் பார்த்த நினைவைத்தான் மக்கள் "பழசு" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்து அணிக்கு அது சரி. மாண்ட்ரியலிலேயே ஜாரி பார்க் மைதான நாட்களின் எக்ஸ்போஸ் அணிக்கு, 1969 முதல் 1976 வரைக்கு, அழகாகப் பொருந்தும். ராயல்ஸுக்குப் பொருந்தாது.

பழமை வேண்டுமானால் தையலைக் காட்டுங்கள். எழுத்தின் ஓரத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே, துணியின் நிறத்திலேயே விட்டுவிட்ட மெல்லிய கோடு. அதன் தடிமன் 0.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது, குறைந்தால் மை இரண்டு பக்கமும் கசிந்து கோடு மூடிக்கொள்ளும். ஓரத்தைக் கணினி வளைவுபோல வழவழப்பாக விடாமல் கத்தரியால் வெட்டியது போலச் சிறு கோணங்களோடு வரையுங்கள்.

கோம்டு30 | 8 பிப்ரவரி, காலை 7.10

மை பத்தி. பிளாஸ்டிசோல் தப்பான மை இல்ல. 160 டிகிரில மைப்படலம் முழுசா வெந்தா வருஷக்கணக்கா வரும். ஆனா தொட்டா ரப்பர் ஷீட் மாதிரி இருக்கும். இந்த வேலைக்கு வாட்டர் பேஸ் (தண்ணில கலந்த மை)தான். தந்த நிறம், வெளிர் சாம்பல் ரெண்டுலயும் நீலம் நேரடியா பிடிக்கும், அண்டர்பேஸ் (அடியில வெள்ளை அடிக்கறது) தேவையில்ல.

ஸ்கிரீன் வலை அங்குலத்துக்கு 110 முதல் 156 இழை. தையல் கோடு இருக்கறதால 156 பக்கமே போங்க. எமல்ஷன் (வலை மேல பூசற ஒளி உணர் பூச்சு) வாட்டர் பேஸுக்கு தாங்கறதா இருக்கணும், வெளிச்சம் காட்டி எக்ஸ்போஸ் பண்ணின பிறகு ஹார்ட்னர் போட்டு இன்னொரு தடவை காய வைங்க. இல்லைன்னா முப்பதாவது பீஸ்ல ஓரம் கரைய ஆரம்பிக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் அப்புறம் ஸ்கிரீனை மையால மூடி வைக்கணும். ஃபேன் நேரா ஸ்கிரீன் மேல அடிச்சா மை காஞ்சு வலைக் கண் அடைச்சுடும், மெல்லிய கோடுதான் முதல்ல போகும்.

க்யூரிங்ல (மையைச் சூட்டுல இறுக வைக்கறது) டன்னல் அடுப்பு 150 முதல் 160 டிகிரி. ஆனா தண்ணி முழுக்க ஆவியாகி வெளியேறின பிறகுதான் பைண்டர் (மையைத் துணில ஒட்டவைக்கற பொருள்) பிடிக்கும், அதனால இரண்டு நிமிஷத்துக்குக் குறையாம உள்ள இருக்கணும். பிளாஸ்டிசோல் அடிச்ச அதே பெல்ட் வேகத்துல விட்டா மேல காஞ்ச மாதிரி தெரியும், முதல் வாஷ்ல பாதி நீலம் போயிடும். உங்க அச்சுக்காரர் பிளாஸ்டிசோல்காரர்னு சொல்றீங்க, இதை எழுதியே கொடுத்துடுங்க. ஒரு சட்டையை 40 டிகிரில அஞ்சு தடவை துவைச்சுப் பார்த்துட்டு மீதி அடிக்கச் சொல்லுங்க.

தூரிகை | 8 பிப்ரவரி, பகல் 1.30

எழுத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. "பேஸ்பால் ஸ்கிரிப்ட்" என்று விற்கும் ஃபான்ட் எதையும் எடுக்காதீர்கள். ஃபான்ட்டில் ஒரே எழுத்து எங்கே வந்தாலும் ஒரே உருவம். கையால் வெட்டிய எழுத்தில் பக்கத்து எழுத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றும் மாறும். புகைப்படத்திலிருந்து வரைந்து எடுப்பதுதான் வழி.

ஆட்டக்காரர் நேராக நிற்கும் படம் வேண்டும். மட்டை வீசும் படத்தில் துணி முறுக்கி எழுத்து இழுபட்டிருக்கும். ஒரே படத்தை நம்பாமல் மூன்று பேரின் சட்டைகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். மடிப்பால் வந்த கோணல் ஆளுக்கு ஆள் மாறும், உண்மையான வடிவம் மாறாது.

அளவு கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நெஞ்சுக்கு அருகே பந்தைப் பிடித்திருக்கும் படம் கிடைத்தால் அதுவே அளவுகோல். பேஸ்பாலின் சுற்றளவு 9 முதல் 9¼ அங்குலம், குறுக்களவு ஏறக்குறைய 7.3 செ.மீ. அதை வைத்து எழுத்தின் உயரத்தைக் கணக்கிடலாம். பந்து உடம்பைவிட முன்னால் நீட்டியிருந்தால் பெரிதாகத் தெரியும், அந்தப் படம் உதவாது.

இன்னொன்று, சட்டையில் பொத்தான் பட்டி உண்டு, எழுத்து அதன் குறுக்கே போகும். படத்தில் நடுவில் ஒரு வெட்டு தெரிவது அதனால்தான். டி-ஷர்ட்டில் பட்டி இல்லை, எனவே அந்த இடைவெளியை மூடி வரையுங்கள். இடைவெளியை அப்படியே விட்டு அச்சிட்ட சட்டைகளைப் பார்த்தால் சொல் இரண்டாக உடைந்தது போல இருக்கும்.

கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறத்தை ஊகிக்காதீர்கள். ஆர்த்தோகுரோமேட்டிக் (சிவப்பை உணராத) ஃபிலிமில் நீலம் வெளிறும், சிவப்பு கறுக்கும். பான்குரோமேட்டிக்கில் (எல்லா நிறத்தையும் உணர்வது) வேறு மாதிரி. நிறத்தைக் கண்ணால் பார்க்க எஞ்சியிருக்கும் துணியோ தொப்பியோதான் வேண்டும்.

வில்லறே வாசி | 8 பிப்ரவரி, இரவு 9.15

எழுத்தை எவ்வளவு அகலத்தில வைக்கிறது? ஒரே ஸ்கிரீனில எல்லா அளவும் அடிக்கலாமோ?

தூரிகை | 8 பிப்ரவரி, இரவு 9.50

மீடியத்துக்கு 28 செ.மீ. அகலம், கழுத்து ரிப்பின் கீழ் ஓரத்திலிருந்து 7 செ.மீ. கீழே. எக்ஸ்எல்லுக்கு 31 செ.மீ. அதனால் ஸ்கிரீன் இரண்டு: எஸ், எம் ஒன்று, எல் முதல் மேலே ஒன்று. ஒரே ஸ்கிரீன் போட்டால் பெரிய சட்டையில் எழுத்து பாக்கெட் சின்னம் போலச் சுருங்கித் தெரியும்.

பழஞ்சட்டை | 9 பிப்ரவரி, காலை 10.05

உரிமை பற்றிய கேள்வி நிற்கிறது. "அணி இல்லை, அதனால் யாருக்கும் சொந்தமில்லை" என்பது சரியல்ல. இதில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன.

வணிகச் சின்னம். அணி கலைந்தால் சின்னம் தானாகப் பொதுச் சொத்து ஆகாது. அமெரிக்கச் சட்டத்தில் தொடர்ந்து 3 ஆண்டுகள் பயன்படுத்தாவிட்டால் கைவிட்டதாகக் கருத இடமுண்டு. ஆனால் அதற்குப் பிறகு வேறொருவர் அதே பெயரை உடைகளுக்குப் பதிவு செய்திருக்கலாம். பழைய மைனர் லீக் அணிகளில் பலவற்றுக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது. நீங்கள் மாண்ட்ரியலில் (வில்லறே அங்குள்ள பகுதிதானே) இருப்பதால் முதலில் கனடாவின் பதிவேட்டில் தேடுங்கள், இணையத்தில் விற்பதானால் அமெரிக்கப் பதிவேட்டிலும். உடைகள் 25ஆம் வகுப்பு. அணியின் பெயரை மட்டும் தேடாமல் ஊர்ப் பெயருடன் சேர்த்தும், வரைபடச் சின்னமாகவும் தேட வேண்டும்.

பதிப்புரிமை. எழுத்தின் வடிவத்தைப் பார்த்து வரைவது ஒன்று, செய்தித்தாள் புகைப்படத்தையே சட்டையில் அடிப்பது வேறு. படம் எடுத்தவருக்கோ நிறுவனத்துக்கோ உரிமை இருக்கலாம்.

மூன்றாவது, ஆட்டக்காரரின் பெயரும் முகமும். ராபின்சனின் பெயரையோ உருவத்தையோ விற்பனைப் பொருளில் போட, அந்த உரிமையை வைத்திருக்கும் அவர் குடும்பத்தாரிடம் அனுமதி வேண்டும். முதுகில் பெயர் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுவும் காரணம்.

பழஞ்சட்டை | 9 பிப்ரவரி, மாலை 6.30

காலையில் எழுதியதற்குப் பிறகு ஒன்று உறுத்துகிறது. வெள்ளைச் சட்டையில் நீலச் சாய்வெழுத்தில் "ராயல்ஸ்" என்று வந்தால் இன்று பார்ப்பவருக்கு நினைவு வருவது கான்சஸ் சிட்டி ராயல்ஸ். 1969ல் தொடங்கிய மேஜர் லீக் அணி, இன்றும் வெள்ளையில் நீலச் சாய்வெழுத்து. நீங்கள் 1946ஐத்தான் வரைந்தீர்கள் என்று எவ்வளவு ஆதாரம் காட்டினாலும் வாங்குபவர் குழம்புவார். வணிகச் சின்ன வழக்கில் அந்தக் குழப்பம்தான் அடிப்படைக் கேள்வி.

எனவே அக்டோபரை விட்டு ஏப்ரல் 18க்கு வாருங்கள். சாம்பல் துணி, நெஞ்சில் "மாண்ட்ரியல்". ஊர்ப் பெயர் உங்கள் ஊர்ப் பெயர். சட்டையும் அந்த நாளுக்குரிய சட்டை. முதல் ஆட்டம் நடந்த நாளை அணிவதில் இருக்கும் கனமும் கூடவே வரும். எழுத்தின் வடிவத்தை அன்றைய ஆட்டப் படங்களிலிருந்தே எடுங்கள், தூரிகை சொன்ன முறையில்.

கோம்டு30 | 10 பிப்ரவரி, காலை 6.40

சாம்பல்னா கிரே மெலாஞ்ச் (கறுப்பு, வெள்ளை இழை கலந்த துணி). அதுல 90/10 காட்டன் விஸ்கோஸ் கேளுங்க. பாலியஸ்டர் கலந்த மெலாஞ்ச் எடுத்தா க்யூரிங் சூட்டுல சாயம் மைக்குள்ள ஏறி நீலம் மங்கும். கறுப்பு இழை அதிகமான அந்த்ரா மெலாஞ்ச் வேண்டாம், நீலம் அதுல எடுபடாது. வெளிர் மெலாஞ்ச்தான் பழைய ஃபிளானல் சாம்பலுக்குப் பக்கத்துல வரும்.

மெலாஞ்ச்ல ஒரு தொல்லை உண்டு. முதல் வாஷுக்கு அப்புறம் துணியோட பஞ்சு மை வழியா மேல எழும்பி அச்சு மேல வெள்ளை படர்ந்த மாதிரி தெரியும். மை போகல, பஞ்சுதான். பயோ வாஷ் பாதி குறைக்கும். மீதிக்கு அச்சு க்யூர் ஆன பிறகு சிலிகான் பேப்பர் வச்சு ஹீட் பிரஸ்ல 160 டிகிரி, 5 செகண்ட் அழுத்துங்க. அழுத்தம் அதிகமானா எழுத்தைச் சுத்திப் பளபளன்னு ஒரு சதுரம் விழும், நடுத்தர அழுத்தம் போதும்.

வில்லறே வாசி | 10 பிப்ரவரி, இரவு 7.45

சரி, ஏப்ரல் 18, சாம்பல், "மொன்றியல்". இன்னொரு கேள்வி. நீலத் துணியில தந்த நிற எழுத்து, இதிலயும் 24 அடிக்கலாமெண்டு ஒரு ஆசை. டிஸ்சார்ஜ் மை சரி வருமோ?

கோம்டு30 | 11 பிப்ரவரி, காலை 7.00

ராயல் புளூல கவனம். டிஸ்சார்ஜ்ங்கறது துணியோட சாயத்தைக் கழட்டி அந்த இடத்துல மை நிறத்தை வைக்கறது. எல்லா சாயமும் கழலாது. பளிச்சுனு இருக்கற ராயல் புளூவுக்கு ரியாக்டிவ் புளூ 19, டர்க்காய்ஸ் 21 மாதிரி சாயம் போட்டிருப்பாங்க, ரெண்டும் டிஸ்சார்ஜுக்கு மசியாது. தந்தம் எதிர்பார்த்த இடத்துல கலங்கின வெளிர் நீலம்தான் வரும். ரியாக்டிவ் பிளாக் 5 வச்சு கட்டின நேவி நல்லா கழலும். டையிங்ல "டிஸ்சார்ஜபிள்"னு சொல்லி வாங்குங்க. ஏற்கெனவே சாயம் போட்ட துணின்னா ஒரு துண்டுல அடிச்சுப் பார்த்துட்டு மீதியை வெட்டுங்க.

ஆக்டிவேட்டர் (சாயத்தைக் கழட்டற பொடி) மை எடையில 6 சதவீதம். கலந்தா அன்னைக்கே அடிச்சு முடிக்கணும், அடுத்த நாள் வேலை செய்யாது. சூட்டுல ஃபார்மால்டிஹைடு வெளியேறும், டன்னல் மேல எக்ஸாஸ்ட் இல்லாத இடத்துல இதை அடிக்கவே கூடாது. அடிச்சதை ஒரு தடவை துவைச்சுதான் விக்கணும்.

பழஞ்சட்டை | 11 பிப்ரவரி, இரவு 9.10

நான் சொன்ன இரண்டு ஆட்டங்களும் நீலத் துணியில் ஆடியவை அல்ல, எனவே அதில் தேதி போடாதீர்கள். வேறு ஆண்டு வேண்டுமென்றால் 1954 இருக்கிறது, பின்னாளில் மேஜர் லீக் நட்சத்திரமான ரொபெர்ட்டோ கிளமென்ட்டே மாண்ட்ரியலில் ஆடிய ஆண்டு. 1946க்குள்ளேயே எல்லோரும் மறக்கும் இருவர் உண்டு. ஜான் ரைட், ராய் பார்ட்லோ என்ற கறுப்பினப் பந்துவீச்சாளர்கள் அதே ஆண்டு ராயல்ஸில் இருந்தார்கள். ராபின்சனைத் தவிர வேறு பெயரே வராத சட்டைகள் அந்த ஆண்டைப் பாதியாக்கிவிடுகின்றன. சட்டையுடன் வைக்கும் சிறு அட்டையில் இவர்களைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். அங்கே வரலாற்றைச் சொல்வது வேறு, நெஞ்சில் பெயரை விற்பது வேறு.

தூரிகை | 12 பிப்ரவரி, மாலை 4.25

கொஞ்சம் விலகிப் போகிறேன். டி-ஷர்ட்டாக மாற்றினால் பொய்யே இல்லாத ஒரு மைனர் லீக் யூனிஃபார்ம் உண்டு. பசிபிக் கோஸ்ட் லீக்கின் ஹாலிவுட் ஸ்டார்ஸ் 1950ல் அரைக்கால் சட்டையும் இலகுவான மேல்சட்டையுமாகக் களமிறங்கியது. அந்த அணியும் சான் பிரான்சிஸ்கோ சீல்ஸும் 1957 ஆட்டப் பருவத்தோடு முடிந்தன, டாட்ஜர்ஸ், ஜயன்ட்ஸ் என்ற மேஜர் லீக் அணிகள் மேற்கே வந்ததால். சீல்ஸ் அந்தக் கடைசிப் பருவத்தில் லீக்கை வென்றுவிட்டுத்தான் போனது. 1949ல் லெஃப்டி ஓடூல் தலைமையில் ஜப்பான் போய் ஆடிய அணியும் அதுதான். அந்தச் சுற்றுப்பயணத்தை யாராவது ஒழுங்காகச் சட்டையாக்க வேண்டும்.

கோம்டு30 | 12 பிப்ரவரி, இரவு 8.30

72க்கு அளவுப் பிரிப்பு: எஸ் 6, எம் 18, எல் 24, எக்ஸ்எல் 18, டபுள் எக்ஸ்எல் 6. துணி 76 பீசுக்கு வெட்டுங்க, நாலு பீஸ் செட்டிங்குலயும் ரிஜெக்டுலயும் போகும். மை சட்டைக்கு 5 கிராம் கூட ஆகாது, ஆனா ரெண்டு ஸ்கிரீன்லயும் தேங்கறது இருக்கே, அதனால ஒரு கிலோ ஒரே தடவையில கலந்து வைங்க. பாதியில தீர்ந்து மறுபடி கலந்தா நீலம் ஒத்துப்போகாது.

வில்லறே வாசி | 13 பிப்ரவரி, மாலை 6.50

கழுத்து லேபிளில என்ன போடுறது? தைக்கிறதோ அச்சடிக்கிறதோ?

பழஞ்சட்டை | 13 பிப்ரவரி, இரவு 9.30

அச்சடிப்பதே நல்லது, கழுத்தில் உறுத்தாது. கனடாவில் விற்பதானால் இழை விவரம் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் சதவீதத்துடன் கட்டாயம்: பருத்தி 90, விஸ்கோஸ் 10. கூடவே விற்பவரின் பெயரும் அஞ்சல் முகவரியும், அல்லது அரசு தரும் சிஏ அடையாள எண். முகவரியைச் சட்டையில் போட விரும்பாதவர்கள் அந்த எண்ணை வாங்கிவிடுகிறார்கள்.

பின்னாளில் உங்கள் தயாரிப்புப் பெயரை அமெரிக்காவில் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் அந்தப் பெயர் கழுத்து லேபிளிலோ தொங்கு அட்டையிலோ இருக்க வேண்டும். நெஞ்சில் பெரிதாக இருப்பதை வெறும் அலங்காரம் என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவார்கள்.

அளவு, இழை, சிஏ எண், உங்கள் பெயர், கீழே "1946 ஏப்ரல் 18, ஜெர்சி சிட்டி". இருண்ட சாம்பல் மையில், 5 செ.மீ. அகலத்தில், கழுத்துத் தையலுக்கு 2 செ.மீ. கீழே. கறுப்பு மை வேண்டாம், வெளிர் மெலாஞ்சில் முதுகுப் பக்கம் தெரியும்.